குடும்ப வைத்தியரும் பெரிய ஆஸ்பத்திரியும்

(நமது சங்கத்தின் வருஷாந்த மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



யாம் எடுத்துக்கொண்ட விஷயம், குடும்ப வைத்தியரை ஆஸ்பத்திரியோடு இணைப்பதனால் நோயாளிக்கு விளைவது நன்மையோ தீமையோ என்பதாம். வெறும் வாதத்தின்பொருட்டு இதனை யாம் எடுத்துக்கொண்டோமில்லை. நம் சங்கத்தார் நடத்திவரும் தரும வைத்தியசாலையைத் தன் கிளையாக ஏற்று நடத்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று முன்வந்திருப்பதும், அதற்கு உடன்படுவதா மறுப்பதா என்பதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் நாம் தீர்மானிக்க வேண்டியிருப்பதும் நீவிர் யாவரும் அறிந்ததே.

நம் வைத்தியசாலையில் நெடுங்காலமாக இருந்துவரும் டாக்டரவர்கள் வயது முதிர்ந்தமையால் ஓய்வுபெற விரும்புகிறார். அவர் ஸ்தானத்தை ஏற்க வாலிப டாக்டர் எவரும் எளிதிற் கிடைப்பதாயில்லை. மருந்துச் செலவோ ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகின்றது. இந்நிலையில், "வலியத் தேடிவரும் சீதேவியைக் காலால் உதைக்கலாமோ?" என்பார் ஒரு கட்சியார். "முன்னோர் வைத்த தருமத்தைப் பிறர் கையில் ஒப்புவிப்பதா?" என்பார் மற்றொரு கட்சியார். இரு திறத்தாரும் சங்கத்தின் க்ஷேமத்தை நாடுபவரே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் இது பெருமிதத்தாலேனும் பயத்தாலேனும் தீர்மானிக்கத்தக்க காரியமன்று. இதே காரியம் பிற தேசங்களில் பல்லாண்டுகளாக நடந்துவருகின்றது. அங்கு விளைந்தது யாதென ஆராய்ந்தறிந்து, பின் நம் காரியத்தைப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.

முதலாவது, குடும்ப வைத்தியர் என்பார் யாவர்? சிறு நோய்க்கு மருந்து கொடுப்பவர் குடும்ப வைத்தியர், பெரு நோய்க்குச் சிகிச்சை செய்பவர் ஆஸ்பத்திரி டாக்டர் என்று பலரும் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. ஆஸ்பத்திரி டாக்டர் ஓர் உறுப்பையோ ஒரு நோயையோ அறிந்தவர். குடும்ப வைத்தியரோ ஓர் ஆளை அறிந்தவர். இன்னார் தகப்பனார் மாரடைப்பால் இறந்தார், இன்னார்க்கு இன்ன மருந்து ஒவ்வாது, இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை நெருங்கினால் வயிற்றுவலி வரும், அந்த அம்மையார் தம் நோவை எளிதில் வாய்விட்டுச் சொல்லார், சொன்னாரேல் அலட்சியம் செய்யலாகாது என்பன போன்ற விஷயங்கள் எந்த யந்திரத்திலும் படமாக விழுவனவல்ல. பலகாலம் பழகியதனால் மாத்திரமே அவை அறியப்படும். எந்தத் தலைவலிக்கு இரண்டு நாள் பொறுத்திருக்கலாம், எந்தத் தலைவலிக்கு அன்றே ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டும் என்று பகுத்தறிவது இவ்வறிவின் பயனேயாம்.

இது பழமையை விரும்புவோர் சொல்லும் உபசார வார்த்தையன்று. கணக்கெடுத்து ஆராயப்பட்ட விஷயமாகும். நார்வே தேசத்தில் 2001-ஆம் வருஷம் முதல் ஒவ்வொரு குடியும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பெயர் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு நடந்துவருகின்றது. அத்தேசத்தார் சுமார் 45 லக்ஷம் பேருடைய பதிவுகளை ஆராய்ந்து 2022-ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரே வைத்தியரிடம் ஓராண்டு மாத்திரம் இருந்தவரோடு 15 ஆண்டுக்கு மேல் இருந்தவரை ஒப்பிட, பின்னவர்க்கு அகாலவேளையில் வைத்தியரைத் தேடி ஓடும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வீதமும், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 வீதமும், மரண வாய்ப்பு 25 வீதமும் குறைந்திருக்கக் காணப்பட்டது. 2018-ல் இங்கிலாந்து தேசத்து வைத்தியர் சிலர் ஒன்பது தேசங்களிற் செய்யப்பட்ட 22 ஆராய்ச்சிகளை ஒருங்குதிரட்டிப் பார்த்தபோது, அவற்றுள் 18, வைத்தியர் மாறாதிருந்தவிடத்து மரணம் குறைந்திருந்ததையே காட்டின. இவை காரணகாரிய சம்பந்தத்தை ஐயந்திரிபற நிலைநாட்டியவையெனச் சொல்லலாகாது. நோய் முற்றியவர் வைத்தியரை மாற்றுவதும் உண்டன்றோ? ஆயினும் இத்தனை தேசங்களில் இத்தனை பேர் கண்டது ஒருதிசையே நோக்கி நிற்பதால், பழகிய வைத்தியர் என்பவர் மருந்துக்கு நிகரான ஒரு பொருள் எனக் கொள்ளுதல் தகும்.

இனி இணைப்பு என்னும் விஷயத்திற்கு வருவோம். குடும்ப வைத்தியத்தையும் ஆஸ்பத்திரியையும் இரு கூறாகப் பிரித்து வைத்த தேசம் இங்கிலாந்து. அங்கு 1911-ஆம் வருஷத்துத் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டப்படி கூலித்தொழிலாளர்க்குக் குடும்ப வைத்தியர் ஏற்பட்டனர். தொழிலாளியின் மனைவி மக்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. 1920-ல் டாஸன் பிரபுவின் தலைமையில் அமைந்த கமிட்டியார், குடும்ப வைத்தியர்கள் கூடிப் பணியாற்றும் சுகாதார நிலையங்களை ஊர்தோறும் அமைத்து, அவற்றைப் பெரிய நிலையங்களோடும், அவற்றை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளோடும் படிப்படியாக இணைக்க வேண்டுமென யோசனை சொல்லினர். அக்காலத்தில் அது ஏட்டளவிலே நின்றது. பின்னர் 1948-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ந் தேதி, அனூரின் பெவான் என்னும் மந்திரியின் முயற்சியால் தேசிய சுகாதார சேவை உண்டாயிற்று. ஆஸ்பத்திரிகளிற் பெரும்பாலன அரசாங்கத்தின் வசமாயின. குடும்ப வைத்தியர்களோ அரசாங்கத்தின் சம்பள உத்தியோகஸ்தராக இசையவில்லை. ஆகலின் அவர்கள் ஒப்பந்தக்காரராகவே நின்று, தம் பட்டியிற் பெயர் பதிந்தவர்க்குத் தலைக்கு இவ்வளவென்று ஊதியம் பெற்றுவந்தனர்.

இவ்வேற்பாட்டில் இருந்த நன்மையை நோக்குங்கள். குடும்ப வைத்தியர் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அனுப்பாவிடினும் அவர்க்கு வரும்படி ஒன்றே. ஆகையால் தேவையுள்ளபோது அனுப்புவதும் தேவையற்றபோது தடுப்பதும் அவர்க்கு எளிதாயின. நம் பாரத தேசத்திலிருந்து சென்ற டாக்டர்கள் பலர், அந்நாட்டு வைத்தியர் போக விரும்பாத சுரங்க ஊர்களிலும் ஆலைப் பட்டணங்களிலும் இத்தகைய குடும்ப வைத்தியராய் அமர்ந்து, தலைமுறை தலைமுறையாக ஏழைத் தொழிலாளரைப் பேணிவந்தமை நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இதிற் குறையும் உண்டு. வைத்தியர் ஒருபுறமும் ஆஸ்பத்திரி மற்றொருபுறமுமாக நிற்க, நடுவே காகிதம் மாத்திரம் போய்வந்துகொண்டிருந்தது. ஓரிடத்திற் செய்த இரத்தப் பரிசோதனையை மற்றோரிடத்தில் மீண்டும் செய்தனர். நோயாளி வீடு திரும்பியது வைத்தியர்க்குத் தெரிய நாட்சென்றது. இஃதன்றியும், சென்ற சில ஆண்டுகளாகப் பழைய வைத்தியர்கள் ஓய்வுபெற, கட்டடத்தின் கடனையும் நிர்வாகத்தின் பாரத்தையும் தலைமேற்கொள்ள இளையவர் தயங்கியமையால், பல ஊர்களிற் குடும்ப வைத்தியசாலைகள் மூடப்படலாயின. நம் வைத்தியசாலைக்கு நேர்ந்திருக்கும் கஷ்டம் நமக்கு மாத்திரம் வந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

இக்கஷ்டத்திற்குப் பரிகாரமாக, உல்வர்ஹாம்ப்டன் என்னும் தொழிற்பட்டணத்தில் 2016-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் ஒரு புது முயற்சி தொடங்கிற்று. அவ்வூர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தாரே சில குடும்ப வைத்தியசாலைகளை ஏற்று நடத்தலாயினர். வைத்தியர்கள் சம்பளக்காரராயினர். கட்டடம், கணக்கு, ஆள் அமர்த்தல் முதலிய தொல்லைகள் ஆஸ்பத்திரியைச் சார்ந்தன. பிற ஊர்களிலும் இம்முறை பரவியது. இதனை ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? இம்முயற்சியில் இறங்கியவர்க்கு முதன்மையான நோக்கம் பெருஞ் சீர்திருத்தமன்று. மூடப்படும் நிலையிலிருந்த வைத்தியசாலையைத் திறந்துவைத்துக் காப்பதே. விளைவு, அவசரமாக ஆஸ்பத்திரியிற் சேருவோர் தொகை சிறிதளவு குறைந்தது. நோயாளிகளின் திருப்தியிலோ பெரிய மாறுதல் ஒன்றும் காணப்படவில்லை. ஆக, இணைப்பினால் பொன்மாரியும் பொழியவில்லை; பிரளயமும் வரவில்லை. அணையவிருந்த விளக்கொன்று அணையாமல் நின்றது. அதுவும் சிறிய நன்மையன்று.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால், "பின் தடையென்ன? கையெழுத்திடுவோம்" என்று நீவிர் கூறலாம். ஆயின் அமெரிக்கா தேசத்துச் சரித்திரத்தையும் கேட்டருள வேண்டும்.

அங்கு வைத்தியர்கள் தாமே சொந்தமாக நடத்திய வைத்தியசாலைகளே முன்னர் மிகுதி. அத்தேசத்து வைத்தியர் சங்கத்தார் எடுத்த கணக்கின்படி, 2012-ல் அவ்வாறு வைத்தியர்க்கே சொந்தமான இடங்களிற் பணிபுரிந்த வைத்தியர் நூற்றுக்கு 60 பேர். 2024-ல் அத்தொகை 42 ஆகக் குறைந்துவிட்டது. மற்றவருள் பெரும்பாலார் ஆஸ்பத்திரிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் சேர்ந்துவிட்டனர். "எல்லாம் ஒரு குடைக்கீழ் வந்தால் செலவு குறையும், சிகிச்சை செம்மைப்படும்" என்றே அங்கும் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. 2007 முதல் 2013 வரையுள்ள கணக்குகளைப் பரிசோதித்த பொருளாதார பண்டிதர் மூவர் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஆஸ்பத்திரி வாங்கிய பின்னர் அதே வைத்தியர் செய்யும் அதே சிகிச்சைக்கு விலை சராசரி நூற்றுக்கு 14 வீதம் உயர்ந்தது. சிகிச்சையேனும் உயர்ந்ததோ எனின், வைத்தியரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்ட ஆஸ்பத்திரிகளையும் அங்ஙனம் செய்யாதவற்றையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆராய்ச்சியில், மரணத் தொகையிலும், நோயாளி மீண்டும் வந்து சேரும் தொகையிலும், திருப்தியிலும் குறிப்பிடத்தக்க அபிவிருத்தி காணப்படவில்லை.

விலை ஏறிய விதத்தைச் சற்றே விளக்குவோம். வைத்தியர் தம் சொந்த அறையில் நோயாளியைப் பார்த்தால் அவர்க்குரிய ஒரு கட்டணம் மாத்திரம் உண்டு. அவ்வறையை ஆஸ்பத்திரி வாங்கி வாயிலில் தன் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டால், அஃது ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியாகக் கருதப்படும். அப்போது வைத்தியர் கட்டணத்தோடு இடத்துக்கென்று வேறொரு கட்டணமும் சேரும். அறையும் அதுவே, நாற்காலியும் அதுவே, வைத்தியரும் அவரே, மாறியது பலகை ஒன்றே! முன் சொன்ன விலையேற்றத்தில் ஏறக்குறையப் பாதி, இத்தகைய கட்டண விதிகளால் வந்ததென்று அப்பண்டிதர்கள் கணக்கிட்டனர். முதியோர்க்கான அரசாங்க இன்ஷூரன்ஸில் இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்த 2015-ல் அத்தேசத்தார் ஒரு சட்டமே செய்ய நேர்ந்தது. அச்சட்டமும் ஆஸ்பத்திரி வளவுக்கு வெளியே புதிதாக ஏற்படும் இடங்களுக்குப் பொருந்திற்றேயன்றி, முன்னரே ஏற்பட்டவற்றிற் பெரும்பாலனவற்றை விட்டுவிட்டது.

அங்ஙனமாயின் அமெரிக்காவில் இணைப்பு என்றாலே தீமைதானோ? அதுவுமன்று. அத்தேசத்திலேயே 1933-ல் சிட்னி கார்பீல்டு என்னும் வாலிப டாக்டர், கலிபோர்னியா பாலைவனத்தில் நீர்க்கால்வாய் வெட்டிய கூலிகளுக்காக ஒரு சிறு ஆஸ்பத்திரி வைத்தார். நோய் வந்தபின் கட்டணம் வாங்கும் முறையால் அவர் கடனில் மூழ்கலாயினர். பின்னர் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் வீதம் முன்கூட்டியே பெறும் ஏற்பாடு செய்துகொண்டார். அதன்பின் நிகழ்ந்த மாறுதலைக் கவனியுங்கள். முன்னர்க் காயம்பட்டவர் வந்தால் டாக்டர்க்கு வரும்படி. இப்போதோ காயம் படாதிருந்தாலே வரும்படி. ஆகலின் வேலையிடத்தில் விபத்தைத் தடுப்பதிலும் அவர்க்கு அக்கறை பிறந்தது. அவ்வேற்பாடே பின்னர்க் கைசர் என்னும் தொழிலதிபரின் துணையோடு வளர்ந்து, 1945-ல் பொதுஜனங்களுக்கும் திறக்கப்பட்டு, குடும்ப வைத்தியரும் ஆஸ்பத்திரியும் இன்ஷூரன்ஸும் ஒன்றாயிணைந்த பெரிய ஸ்தாபனமாயிற்று. அங்கு நிரம்பிய கட்டில் வருமானமன்று, செலவு.

ஸ்பெயின் தேசத்தில் வலென்சியா மாகாணத்து அல்சிரா என்னும் ஊரிலும் இத்தகைய சோதனையொன்று நடந்தது. 1999-ல் அங்கு ஓர் ஆஸ்பத்திரியைக் கம்பெனியொன்று அரசாங்க ஒப்பந்தத்தின்பேரில் நடத்தத் தொடங்கிற்று. ஆஸ்பத்திரியை மாத்திரம் நடத்துவதாற் பயனில்லையெனக் கண்டு, 2003-ல் சுற்றுப்புறத்துக் குடும்ப வைத்திய நிலையங்களும் அதனோடு சேர்க்கப்பட்டன. அவ்வட்டாரத்துக் குடிகள் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு இவ்வளவென்று அரசாங்கம் கொடுத்தது. அவர்கள் வேறிடம் சென்று சிகிச்சை பெற்றால் அச்செலவு கம்பெனியையே சார்ந்தது. பல தேசத்தாரும் சென்று பார்த்துப் புகழ்ந்தனர். உள்ளூரில் எதிர்ப்பும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் 2018-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அரசாங்கமே அதனை மீட்டுக்கொண்டது. ஒப்பந்தத்திற்குக் காலவரையறை இருந்தமையாலும், உரிமை குடிகளின் அரசாங்கத்திடமே இருந்தமையாலும் அன்றோ மீட்பது சாத்தியமாயிற்று? இதனை நாம் மறத்தலாகாது.

இவற்றால் யாம் துணிந்தது இதுவே: இணைப்பு என்பது தன்னளவில் அமிர்தமுமன்று, நஞ்சுமன்று. பணம் எவ்வழி ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமையும். நோயாளி வந்தால் லாபம் என்றிருக்குமிடத்தில், குடும்ப வைத்தியர் ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்துவிடும் வாயிற்காவலராய் முடிவர். நோயாளி வராதிருந்தால் லாபம் என்றிருக்குமிடத்தில், அவரே குடும்பத்தின் காவலராய் நிற்பர். ஆனால் பின்சொன்ன முறையிலும் ஓர் அபாயமுண்டு. தேவையுள்ளவரையும் அனுப்பாது விடுதல். ஆகையால் இரண்டிடத்தும் வைத்தியரின் தீர்ப்பு சுதந்தரமாயிருத்தல் இன்றியமையாததாம்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். ஸர் ஜோசப் போர் தலைமையில் 1943-ல் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை வெளியிட்ட கமிட்டியில், நம் சென்னையின் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். கிராமத்து ஆரம்ப நிலையம், அதன்மேல் இடைநிலை ஆஸ்பத்திரி, அதன்மேல் ஜில்லா ஆஸ்பத்திரி எனப் படிப்படியாக இணைந்த ஓர் அமைப்பையே அக்கமிட்டியார் சிபாரிசு செய்தனர். நம் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் அக்கருத்தின் வழிவந்தவை. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி நம் மாகாணத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை வீட்டுவாயிலுக்கே கொண்டுவருகின்றது. இணைப்பு என்பது ஆஸ்பத்திரி வீட்டை நோக்கி நடந்துவருவதாகவும் இருக்கலாம் என்பதற்கு இஃது உதாரணம்.

தனியார் வைத்தியத்திலோ பணத்தின் ஓட்டம் வேறு. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத இன்ஷூரன்ஸ் திட்டம், குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லக்ஷம் ரூபாய் வரை ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குக் கொடுக்கின்றது. ஏழைகளுக்கு அது பேருதவியே. ஆனால் குடும்ப வைத்தியர் கால்மணி நேரம் பொறுமையாய் விசாரித்து, "உமக்குக் கட்டில் வேண்டாம், உப்பைக் குறையும், நாள்தோறும் நடவும்" என்று சொல்லியனுப்பும் யோசனைக்கு அதில் ஊதியமில்லை. கட்டிலுக்குப் பணமுண்டு, கட்டிலைத் தவிர்ப்பதற்குப் பணமில்லை. இத்தகைய வயலில் இணைப்பு என்னும் விதையை ஊன்றினால் என்ன முளைக்கும் என்று சிந்தித்துத்தான் ஊன்ற வேண்டும்.

இணைப்பினால் வரக்கூடிய நன்மையை மறைத்துப் பேசுவதும் நியாயமன்று. நம் குலத்து மூதாட்டியார் ஒருவர் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியிற் சில நாள் தங்கி வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய இரத்த அழுத்த மாத்திரையை வாங்கி உட்கொண்டதோடு, முன்னரே நம் வைத்தியசாலையிற் பெற்றிருந்த மாத்திரையையும் விடாது உட்கொண்டார். இரண்டும் ஒரே மருந்து. கம்பெனிப் பெயர் மாத்திரம் வேறு. எழுந்து நின்றால் தலைசுற்றி விழும் நிலை வந்தது. நம் டாக்டரவர்கள் இரு டப்பாக்களையும் வாங்கிப் பார்த்த பின்னரே காரணம் வெளிப்பட்டது. அச்சீட்டின் நகல் அன்றே நம் வைத்தியசாலைக்கு வந்திருப்பின் அம்மையார்க்கு அத்துன்பம் நேர்ந்திராது. இத்தகைய இணைப்பு நமக்கு அவசியமே. ஆனால் சீட்டின் நகலை அனுப்புவதற்கு வைத்தியசாலையையே எழுதிக்கொடுக்க வேண்டுமா என்பதை நீவிரே யோசியுங்கள். செய்தி இணைதல் வேறு. சிகிச்சை இணைதல் வேறு. சொத்து இணைதல் வேறு. முதல் இரண்டையும் பெறுவதற்கு மூன்றாவதை விலையாகக் கேட்டால், அவ்விலை தகுமா என்று பேரம் பேசுதல் வாணிபம் அறிந்த நம்மனோர்க்குப் புதிதன்று.

ஆகவே, மறுத்துவிடுங்கள் என்று யாம் சொல்லவில்லை. கண்ணைமூடி உடன்படுங்கள் என்றும் சொல்லவில்லை. ஓய்வுபெறும் டாக்டர்க்குப்பின் கதவு மூடப்படுமானால் நம் தருமம் பெயரளவிலேதான் நிற்கும். ஆதலின் பின்வரும் நிபந்தனைகளோடு உடன்படலாம் என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

முதலாவது, நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியார்க்குக் குறித்த காலத்துக்குக் குத்தகையாக மாத்திரம் விடலாம். காலம் முடிந்தால் மீளும் வழி பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, வைத்தியசாலைக்கென்று ஒரு டாக்டர் நிலையாக நியமிக்கப்பட வேண்டும். மாதமொருவர் மாறிமாறி வருவாரேல், நார்வே தேசத்தார் கண்ட நன்மையில் ஒரு துளியும் நமக்குக் கிட்டாது. புதிய டாக்டர், ஓய்வுபெறும் டாக்டரோடு ஆறு மாதமேனும் உடனிருந்து குடும்பங்களை அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, டாக்டரின் ஊதியம் மாதச் சம்பளமாக இருக்க வேண்டும். எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், எத்தனை ஸ்கேன் எழுதினார் என்னும் கணக்கோடு அது சேரலாகாது. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ஆம் வருஷத்து வைத்தியர் ஒழுக்க விதிகளாலேயே தடுக்கப்பட்டிருக்கின்றன. அதனை நம் ஒப்பந்தத்திலும் வெளிப்படையாக எழுதிவிடுதல் நலம்.

நான்காவது, மேல்சிகிச்சைக்கு எங்கே போவது என்பது டாக்டரும் நோயாளியும் கலந்து தீர்மானிக்கத்தக்கது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதவும் டாக்டர்க்குத் தடையிருத்தலாகாது.

ஐந்தாவது, நோயாளி வீடு திரும்பும் அன்றே டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் வைத்தியசாலைக்கு வந்துசேர வேண்டும். நோயாளி கேட்டால் தம் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் பெறலாம் என்பது முன்சொன்ன விதிகளிலேயே உள்ளது. ஆஸ்பத்திரியார் எவ்வேற்பாடு செய்யினும், ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, உட்கொள்ளும் மருந்தின் பெயரை, கம்பெனிப் பெயரோடு மூல மருந்தின் பெயரையும் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒருவர் அனுமதியும் வேண்டுவதில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

ஆறாவது, பெயர்ப்பலகை மாறியதென்னும் காரணத்தால் ஒரு ரூபாயும் கூடுதலாக வாங்கலாகாது. நம் வைத்தியசாலையின் கதவு இன்றுவரை சாதி மத பேதமின்றி யாவர்க்கும் திறந்திருக்கின்றது. அஃது அவ்வாறே இருக்க வேண்டும். நோய் குலம் கேட்டு வருவதில்லை; மருந்தும் குலம் கேட்கலாகாது.

ஏழாவது, ஈராண்டுக்கொருமுறை வரவுசெலவும், வந்தவர் தொகையும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர் தொகையும் இச்சஞ்சிகையில் அச்சிட்டு வெளியிடப்பட வேண்டும். அனுப்பப்பட்டவர் தொகை காரணமின்றி ஏறுமாயின், கேள்வி கேட்க நமக்கு உரிமை வேண்டும்.

"இத்தனை நிபந்தனைகளுக்கும் ஆஸ்பத்திரியார் இசைவாரோ?" என்று ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வியே. நம் குடும்பங்களின் க்ஷேமத்தை நாடி வந்தவராயின் இவற்றுள் ஒன்றையும் மறுக்க அவர்க்குக் காரணமில்லை. கட்டிலை நிரப்ப வழிதேடி வந்தவராயின், மூன்றாவது நிபந்தனையிலும் நான்காவது நிபந்தனையிலும் தயங்குவர். அத்தயக்கமே நமக்கு வேண்டிய விடையாகும். அவர் இசையாவிடின், நம் குலத்து வாலிப டாக்டர்கள் இருவர் மூவர் முறைவைத்து வாரத்தில் இரண்டு நாளேனும் இருந்து உதவவும், நாம் ஒவ்வொருவரும் மாதச் சந்தாவை உயர்த்தித் தரவும் முன்வர வேண்டியிருக்கும். தருமத்தைக் காப்பேன் என்று மேடையில் முழங்குவது எளிது; அதற்குரிய சம்பளத்தை மாதாமாதம் கட்டுவதே அரிது. மறுத்துக் கைதூக்க நினைப்பவர் இதனையும் மனத்திற்கொண்டு கைதூக்குவாராக.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் நோயாளியைப் பேணுபவர், மருந்தைக் காலந்தவறாது கொடுப்பவர், ஆஸ்பத்திரி வாயிலில் காத்துநிற்பவர் பெரும்பாலும் நீங்களே. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஆடவரை மாத்திரம் அனுப்பிவிட்டு வீட்டிலிருத்தலாகாது. நீங்களும் வந்திருந்து, உங்கள் அனுபவத்தைச் சொல்லி, உங்கள் வாக்கையும் அளித்தல் வேண்டும்.

நிபந்தனைகளின் நகல் காரியாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. கூட்டலோ குறைத்தலோ வேண்டுவோர் பொதுக்கூட்டத்துக்கு முன்னரே எழுதித் தரும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.

சுபம்.